அடுப்புக்கு மேல் தட்டில்

எழுந்து இரண்டு தலையணைகளையும் தட்டி வைக்கிறேன். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன். ரொட்டி, ஒரு முட்டை. அதற்குள் தும்மல் தொடங்கிவிடும். அது ஓய்ந்ததும் அடுப்புக்கு மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறேன். திறக்காமல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.

என் மனைவி மருந்தியல் படித்தவள், மருந்துக் கடையில் வேலை. "உங்க தும்மலை வெச்சுத்தான் எதிர்வீட்டுக்காரர் கடிகாரத்தைத் திருத்தறார்" என்பாள். ஒருநாள் இந்த டப்பாவோடு வந்தாள். குவெர்செட்டின். வெங்காயத்திலும் ஆப்பிளிலும் இருக்கிற சத்தாம்.

"வெங்காயத்துக்கா இவ்வளவு விலை?"

"வெங்காயத்தையே கட்டிக்கிட்டேன், இது ஒரு விலையா?"

பிறகு கடைக்காரக் குரலில் சொன்னாள்: "ஒவ்வாமைக்குச் சிலருக்குக் கேக்கும். பெரிசா நம்பிடாதீங்க. சாப்பிட்டப்புறம் ஒண்ணு. ரெண்டு மாசம் பார்ப்போம், கேக்கலைன்னா நிறுத்திடலாம்."

தும்மல் குறைந்தது. மாத்திரையாலா, எதிரே உட்கார்ந்து நான் விழுங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்ததாலா, தெரியாது. இரண்டு மாதம் முடிவதற்குள், கடை வாசலில் சாலையைக் கடக்கும்போது அவள்மேல் லாரி. அன்றிலிருந்து நான் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை, அவள் அம்மா, துணிகளை எடுத்துப்போக வந்திருந்தார். பையைக் கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவர் டப்பாவைப் பார்த்தார்.

"மூட்டு வலிக்கு இது நல்லதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நான் எடுத்துக்கறேன் மாப்பிள்ளை."

"வேண்டாம் அத்தை."

"துணி மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்தீங்க. இதுக்குக் கை வரலையா?"

அத்தைக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறீங்களே. இதையும் சேர்த்தா ரத்தக்கசிவு வரலாம். அம்மா கேட்டா மட்டும் கொடுத்துடாதீங்க, டாக்டரைக் கேக்கச் சொல்லுங்கன்னு அவதான் சொன்னா."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"என்னைப் பத்திப் பேசுவாளா?"

"தினமும்."

எனக்குத் தும்மல் வந்தது. முடியும்வரை காத்திருந்துவிட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப நீங்க போடுங்க. வாங்கி வெச்சிருக்காளே."

திறந்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அவள் விட்டுப்போன அளவு. ஒரு ரொட்டித் துண்டைத் தின்றேன். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அத்தை தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

கடைசியாகக் கடைக்குக் கிளம்பிய அன்று காலை அவள் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் காலால் தேடியபடி வாசலில் நின்றாள். நான் செய்தித்தாளிலிருந்து நிமிரவில்லை.

"வெறும் வயித்துல போட்டுடாதீங்க. தீர்ந்தா சொல்லுங்க, வாங்கிட்டு வர்றேன்."