வேலிக்கு வெளியே ஒரு சாலை

1

இந்தக் கதை என் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. விழும்போது வெள்ளையாக, சின்ன முட்டை அளவில் இருந்தது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் பழைய கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அதன் மூன்றாவது குழியை ஒட்டிய சாலையில்தான் ஞாயிறு காலைகளில் பாசிர் பெனம்பாங்குக்கு மீன் வாங்கப் போவேன். வண்டியை நிறுத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, பட்டுச்சா?"

இல்லை என்றேன். பந்தை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

2

[முதல் தொடக்கம்: "புவனேசனின் அப்பா அந்த மைதானத்தில் புல் வெட்டியவர்..." அடித்துவிட்டேன். வாசகர் கைக்குட்டையைத் தேடுவார். அப்பா லோரி ஓட்டினார். கோல்ஃப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.]

வேலிக் கம்பியைப் பிடித்து நின்ற புவனேசன், ரவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி விஜயராணிக்கும் ஷிப்ட் வேலை. இருவருக்கும் சேர்ந்தாற்போல் வாய்ப்பது இந்த மைதானத்து ஞாயிறு காலை மட்டும்தான். ஆனால் அவர் அடிக்கும் பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறியதுபோல் வலப்பக்கம் வளைந்துவிடும். பிடியை மாற்றினார், காலை அகட்டினார், வீடியோ பார்த்தார். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பந்து யார் பேச்சையும் கேட்கவில்லை. ஒருநாள் வேலி தாண்டிப்போய் ஒரு லோரியின் கண்ணாடியை உடைத்தது.

கிளப் செயலாளர் பசுபதி அவரைத் தனியே அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு பந்து வெளிய போச்சுன்னா, மெம்பர் கார்டை மேசையில வெச்சிட்டுப் போயிடுங்க புவனேசன்."

அதற்கடுத்து வெளியே வந்த பந்துதான் என்னிடம் இருக்கிறது. பசுபதிக்குத் தெரியாது.

3

பிறகு மீன் கடையில் என்னைப் பார்த்த புவனேசன் பக்கத்துக் கடையில் ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக் கொடுத்து எல்லாம் சொன்னார். கதையின் முதல் பிரதியில் விஜயராணியைக் கோபக்கார மனைவியாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "அவ கோபப்பட மாட்டாண்ணே, சிரிப்பா. அதான் பயம்," என்றார். திருத்திவிட்டேன்.

பயிற்சித் திடலில் அவர் அடிப்பதை விஜயராணி பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். மட்டையை ஓங்குவதில் குறையில்லை. அடித்த பிறகுதான், மட்டை தோள் உயரத்துக்கு வந்ததும் பிரேக் போட்டதுபோல் நின்றுவிடுகிறது. விஜயராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் ஒரே பள்ளியில் ஹாக்கி ஆடியவர்கள்.

"ஏங்க, கட்டை தோளுக்கு மேல போனா சார் விசில் ஊதுவாருன்னு இன்னும் பயமா? சார் பேரப்பிள்ளையே எடுத்துட்டாரு லா."

அந்தக் காலத்து ஹாக்கியில் அது தவறு. பக்கத்தில் நிற்பவன் மண்டை உடையும். தோளருகே நிற்கப்போவது தெரிந்த கைகள் முன்கூட்டியே இறுகி, பந்தைத் தொடும் நேரத்தில் மட்டையின் முகத்தை நேராகத் திருப்பாமல் விட்டுவிடுகின்றன. யார் தலையிலும் பட்டுவிடக் கூடாது என்று பழகிய அடக்கம்தான் பந்தைச் சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

புவனேசன் சிரிக்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

4

இதை எழுதுவது சனிக்கிழமை. நாளை கிளப் போட்டி. புவனேசனோடு சேர்ந்து ஆடப்போவது பசுபதி. திடலில் பாதிப் பந்துகள் நேராகப் போகின்றனவாம்; மீதிப் பாதியைப் பற்றி அவர் பேசவில்லை. "எழுதுங்கண்ணே. ஆனா பந்தை உள்ளயே விழ வைங்க," என்றார்.

முடிவு அ: மட்டை தோளைத் தாண்டுகிறது. விசில் இல்லை. பந்து நடுப்புல்லில் விழுகிறது. விஜயராணி

[போதும். கேட்டுவாங்கிய முடிவு.]

முடிவு ஆ: கை இறுகுகிறது. பந்து வளைகிறது. பசுபதி கார்டுக்காகக் கையை நீட்டுகிறார்.

இரண்டையும் திரும்பப் படித்தேன். இரண்டிலும் சாலை காலியாக இருந்தது. எழுதுகிறவனின் வசதிக்காக நான்தான் காலி செய்திருக்கிறேன்.

5

ஞாயிறு காலை, மூன்றாவது குழி. மட்டை மேலே போய்விட்டது, இதோ, இறங்குகிறது. தோள் உயரத்தில் அவருக்காக ஒரு விசில் காத்திருக்கிறது.

இங்கே பேனாவை வைக்கிறேன். பந்தை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் விழ வையுங்கள். சாலையை மட்டும் காலி செய்துவிடாதீர்கள்.

நான் வந்துகொண்டிருக்கிறேன்.