வாரத்துக்கு எத்தனை நாள்

பல் மருத்துவமனையா, கண் மருத்துவமனையா என்பதில் எனக்கே இப்போது நிச்சயமில்லை. வீங்கிய கன்னங்கள் ஞாபகத்தில் இருப்பதால் பல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்பதிவு இணையதளம் எழுதியவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் தனி வீடு பார்க்க முடியும். அதுவரை அண்ணன் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் பாயை விரிக்க முடியும்.

நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவளுடைய மென்பொருள் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர். நிரல் எழுதுவதற்கான ஆயத்த வார்ப்புகளான டிசைன் பேட்டர்ன் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே பேட்டர்ன். நிரலுக்குள் ஒரு எண்ணும் இருக்கக் கூடாது, எல்லாம் வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்புகள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

அடுத்த வாரம் வரச் சொன்னால் ஏழு நாள் கூட்டித் தேதி கொடுக்கும்படி அவள் எழுதியிருந்தாள். அந்த ஏழின் மேல் பேட்டர்னின் விரல் வந்து நின்றது.

"என்னம்மா இது?"

"வாரத்துக்கு ஏழு நாள் சார்."

"நாளைக்கு மாறினா?"

அவள் அந்த ஏழை அழித்தாள். பிறகு அமைப்புகள் பக்கத்தில் 'வாரத்தின் நாட்கள்: 7' என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தாள்.

தளம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியிடமிருந்து போன்.

"ஏய், உங்க சைட்டு இன்னைக்கு வரச் சொல்லுச்சு. இங்க பூட்டு தொங்குது! என்னை மாதிரி ஒரு கூட்டமே கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"போன திங்கக்கிழமைதானே போனீங்க, உங்களுக்கு நாளைக்குத்தானே அண்ணி?"

"அதை உன் சைட்டுகிட்ட கேளு. வீட்டுக்கு வந்து பேசிக்கறேன்."

மறுநாள் மருத்துவமனை மேலாளர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"நாங்க ஞாயித்துக்கிழமை லீவு. அதான் ஏழை அழிச்சுட்டு ஆறுன்னு போட்டேன். மாத்தக் கூடாதுன்னா மாத்தற இடத்தை எதுக்குய்யா வெச்சீங்க?"

'நான் ஏழு என்றுதான் எழுதினேன்' என்ற வாக்கியம் அவள் தொண்டைவரை வந்தது. அவளுடைய நிரந்தர உத்தரவு பேட்டர்னின் முழங்கைக்கு அடியில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. வாக்கியத்தை விழுங்கினாள்.

"தப்பு எண்ல இல்ல," என்றார் பேட்டர்ன். "பேட்டர்ன் பத்தல. வாரம் தயாரிக்க ஒரு ஃபேக்டரி வேணும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் தாங்கணும். முடியுமாம்மா?"

"முடியும் சார்."

'வாரத் தொழிற்சாலை' என்று ஒரு பெரிய கோப்பு எழுதினாள். அது கட்டத்தில் போடும் எண்ணைப் பணிவோடு வாங்கிப் பத்திரமாகச் சேமித்து, அதன் பிறகு அதைத் திரும்பியே பார்க்காது. தேதி கணக்குப் பார்க்கும் வரியில் அவள் மறுபடியும் ஏழு என்று எழுதினாள். திருடுகிற மாதிரி, உடனே கோப்பை மூடினாள்.

பேட்டர்ன் கோப்பின் தலைப்பையும் நீளத்தையும் பார்த்தார். கட்டத்தில் எட்டு என்று போட்டார். ஒன்றும் உடையவில்லை. நாற்பது போட்டார். தேதிகள் அசையவில்லை.

"பாத்தியா! இதுதான் பேட்டர்னோட பலம்."

அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் ஒற்றை அறை வீடு ஒன்றுக்குக் குடிபோனாள். பேட்டர்ன் பதவி உயர்வு பெற்று, வாரத் தொழிற்சாலையைப் பற்றி ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றுகிறார். மேலாளர் எண்ணை ஐந்தாகக் குறைத்தார். வேலைச்சுமை குறைந்திருப்பதாகச் சொல்கிறார். அண்ணி வேறு மருத்துவரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.