சூலம் நட்ட கல்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது எங்கள் வைரவர்.

நூதனசாலையில் புத்த சமயச் சின்னங்களுக்கென்று ஒதுக்கிய அறை அது. தலையில்லாத புத்தர் சிலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ‘சிறு தூபியின் மேற்பகுதி. சுண்ணக்கல். கிடைத்த இடம் தெரியவில்லை’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. உச்சியில் இருந்த குழியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சூலம் நடுவதற்காக என் அப்பு, என்னைப் பெற்றவர், உளி வைத்துத் தோண்டிய குழி. கிணறு வெட்டும்போது வந்த கல்லைத் தெல்லிப்பழையில் எங்கள் வளவுப் புளியமரத்தின் கீழ் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் வடைமாலை சாத்தினார்.

எல்லைச் சண்டை, களவு என்றால் ஊரே அந்தக் கல்லின் முன் வந்து சத்தியம் செய்யும். அங்கே எவனும் பொய் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தின் மதிப்பே அதுதான்.

தொண்ணூறில் யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினோம். இருபத்தெட்டு வருடம் கழித்து இராணுவம் காணியை விட்டபோது கிணறு மட்டும் இருந்தது. குழியுள்ள கல் ஒன்று இங்கே இருப்பதாக மருமகன் றமேஸ் சொல்லித்தான் வந்தோம்.

என் மனைவி குணலட்சுமி செருப்பைக் கழற்றினாள்.

“செருப்பைப் போடும், ஆக்கள் பாக்கினம்,” என்றேன்.

“வைரவருக்கு முன்னாலையோ? உங்களுக்கென்ன விசரே?”

“போடும் எண்டுறன்.”

அதற்குள், வாசல் புத்தகத்தில் நான் எழுதிய ஊரைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை பார்க்கும் நிரோஜினி என்ற பெண் வந்துவிட்டாள்.

“ஐயா தெல்லிப்பழைப் பக்கமோ? இந்தக் கல்லும் உங்கடை பக்கத்திலை எடுத்ததெண்டுதான் கதை. இடம் தெரிஞ்சால் சொல்லுங்கோ, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம்.”

“அறிவிச்சால்?”

“வந்து அளப்பினம். பாதுகாக்கிற இடமெண்டு சொன்னால் பிறகு அதிலை ஒண்டும் கட்ட ஏலாது.”

வாடகை வீடுகளிலேயே வளர்ந்த என் மகள் உதயகலாவுக்கு அந்தக் காணியில் இப்போதுதான் அத்திவாரம் போட்டிருக்கிறோம்.

“உது எங்கடை ஊர்க் கல்லு இல்லை, பிள்ளை. நான் ஒருநாளும் காணேல்லை.”

“வடிவாய்ப் பாத்துச் சொல்லுங்கோ, ஐயா.”

பார்த்தேன். அப்புவின் உளித்தடம் அப்படியே இருந்தது.

“பாத்திட்டன். சத்தியமாய் இல்லை.”

அவள் சத்தியம் கேட்கவில்லை. அந்தச் சொல் தானாக வந்துவிட்டது.

பஸ்சுக்கு நின்றபோதும் குணலட்சுமி செருப்பைக் கையிலேயே வைத்திருந்தாள். காணி திரும்பக் கிடைத்த நாள்முதல், கல் இருந்த வெறும் இடத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் வடை படைத்து வருகிறோம்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. உளுந்து ஊறப் போடட்டோ?” என்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“போடும். ஆனால் நீர்தான் படைக்க வேணும். நான் இனி அந்த இடத்துக்கு வரமாட்டன்.”