வருஷம் முழுக்க ஆறடித் தண்ணீர்

சங்கத்தைக் கலைத்துவிடலாமா என்று கேட்டுவிட்டு, தலைவர் ஆம்ப்ரோஸ் ட்ரெலோர் தானே முதலில் கையைத் தூக்கினார். மற்ற மூவரும் தூக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றில் கப்பல் ஓடவேண்டும் என்று முப்பது வருஷம் வாதாடிய சங்கம் டீ ஆறுவதற்குள் முடிந்துபோயிற்று.

"வருஷம் முழுக்க ஆறடித் தண்ணி கேட்டோம், குடுத்துட்டாங்க," என்றார் ரொட்டிக்கடை ஷிர்மர். "கூடவே ரெண்டு கப்பலும் கேட்டிருக்கணும்."

யாரோ சிரித்தார்கள். ஆம்ப்ரோஸும் சிரித்துவைத்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டின் வறட்சியில் அவர் கம்பளி ஏற்றும் நீராவிக் கப்பலின் கேப்டன். ஊருக்கு மேலே ஒரு வளைவில் கப்பல் மணலில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே மனைவி ஈவாவுக்கு இடுப்புவலி. டாக்டரை அழைத்துவரப் போன ஆள் திரும்புவதற்குள் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. கரையில் கம் என்கிற ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் புதைத்தார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே அவர் ஊர்க்காரர்களைக் கூட்டினார். ஆற்றை மறித்துத் தடுப்பணைகள் கட்டவேண்டும், கப்பல்களை ஏற்றி இறக்க மதகுத் தொட்டிகள் வேண்டும் என்றார். கடைக்காரர்கள் சரக்குக் கூலி குறையும் என்று சேர்ந்தார்கள். எந்த மேடையிலும் அவர் ஈவாவைப் பற்றிப் பேசவில்லை. மந்திரிகளின் வாசலில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆறு ஓடும் மூன்று மாநிலங்களும் யார் தண்ணீர் என்று சண்டை போட்டு முடிப்பதற்குள் ரயில் ஊர் ஊராக வந்து கம்பளியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அணை எழும்பியபோது, உடைத்து விற்றுவிட்ட அவருடைய கப்பலின் கொதிகலன் ஒரு திராட்சை உலர்த்தும் கொட்டகையில் இருந்தது.

கூட்டம் கலைந்தபின் ஈவாவின் தங்கை நெட்டி கோப்பைகளைக் கழுவினாள்.

"போன வாரம் அக்காவுக்குப் பூ கொண்டு போனேன் அத்தான். அங்க கரையே இல்ல."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அணைக்கு வரைபடம் போட்டப்பவே. தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு இன்ஜினியர் கோடு போட்டிருந்தான். ஆட்சேபணை உண்டான்னு கேட்டாங்க. இல்லேன்னேன்."

"தோண்டி எடுத்து மேட்டுல வச்சிருக்கலாமே."

"மறுபடி அவள அப்படிப் பாக்க முடியாதுன்னு தோணிச்சு."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல. நான் பாத்திருப்பேன்."

அவள் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள். அவமானமோ அழுகையோ, ஏதாவது ஒன்று தனக்கு வரும் என்று அவர் காத்திருந்தார். மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றினாற்போல இருந்தது. தரை இருப்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

"படகுல என்னை அந்த இடத்துக்கே கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

மறுநாள் மத்தியானம் துடுப்புப் படகில் அணைக்குப் போனார்கள். மதகுக்காரன் ஹெய்ன்ஸ் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"வாங்க கேப்டன். இந்த மாசம் வந்த ஒரே கப்பல் உங்களோடதுதான். சரக்கு என்ன?"

"நான்தான்யா சரக்கு. கதவத் திற," என்றாள் நெட்டி, சிரிக்காமல்.

கம்பளிக் கப்பலும் அது இழுத்து வரும் தோணியும் ஒன்றாய் நிற்கக் கட்டிய தொட்டி அது. அதன் நடுவில் இந்தப் படகு மட்டும் நின்றது. பின்கதவு மூடியது. தண்ணீர் கீழிருந்து சத்தமில்லாமல் பொங்கி இரண்டு பேரையும் மெல்லத் தூக்கியது. ஈரச்சுவர் இறங்கி இறங்கி வானம் அகலமானது. வேலை கச்சிதமாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று ஆம்ப்ரோஸ் நினைத்தார்.

வளைவில் கம் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் இலையுதிர்ந்து நின்றன. எது அந்த மரம் என்று அவருக்குத் தெரியவில்லை. நெட்டி ஒன்றைப் பார்த்தாள், பிறகு இன்னொன்றை.

"இங்கதானா?"

"இங்க எங்கேயோதான்."

அவர் துடுப்புகளை உள்ளே எடுத்து வைத்தார். முன்பெல்லாம் இங்கே கையெடுத்தால் ஆறு படகை இழுத்துக்கொண்டு போய்விடும். இப்போது படகு, விட்ட இடத்திலேயே நின்றது.