கூழ்ப்பானைக்குத் தடை

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரியலூருக்குத் தெற்கே இருந்த ஒரு சுண்ணாம்புக்கல் குவாரிக்குத் தொழிலாளர் நல அதிகாரியாகத் தணிகாசலம் என்பவர் வந்து சேர்ந்தார். சென்னையில் ஏதோ சத்துணவு வகுப்பில் சில வாரம் உட்கார்ந்து எழுந்தவர். அதற்குப் பிறகு உலகத்தில் யாருக்கும் சாப்பிடத் தெரியவில்லை என்பது அவருடைய முடிவு.

குவாரிப் பள்ளத்தில் ஒதுங்க நிழல் கிடையாது. தண்ணீர் குடிக்க மேலே ஆபீஸ் கிணற்றுக்குத்தான் ஏறி வரவேண்டும். வெயில் ஏறினால் கல் சுமக்கும் பெண்கள் மயங்கி விழுந்தார்கள். தணிகாசலம் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தார். குற்றவாளி, அவர்கள் வீட்டிலிருந்து பானையில் கொண்டுவரும் கம்பங்கூழ்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்.

மறுவாரமே கூழ்ப்பானைகள் குவாரி கேட்டோடு நின்றன. உள்ளே ஆளுக்கு ஒரு குவளை கோதுமைக் கஞ்சியும் ஒரு கரண்டி சுறாமீன் எண்ணெயும் கொடுத்தார்கள். கஞ்சியில் உப்பு பேருக்குத்தான் இருந்தது. எண்ணெயின் வாடையில் பாதிப்பேர் கஞ்சியையும் சேர்த்து வாந்தி எடுத்தார்கள்.

கல் சுமக்கும் பெண்களில் மூத்தவள் செபஸ்தியம்மாள். ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரி. அவள் நேரே அதிகாரியிடம் போனாள்.

"வவுத்துல நிக்கலிங்க. இதக் குடிச்சிட்டு கல்லு தூக்க முடியாதுங்க."

"புளிச்ச கூழ்ல கிருமி இருக்கும்மா. ஒனக்குத் தெரியாது."

"தண்ணிப் பீப்பா ஒண்ணு பள்ளத்துல வச்சா போதுங்க."

"தண்ணியில என்ன சத்து இருக்கு?" என்று கேட்டுவிட்டு, தன் கேள்வி தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தார். படித்தவர் சிரிக்கிறாரே என்று பக்கத்திலிருந்த கிளார்க்கும் சிரித்து வைத்தார்.

அந்த வாரக் கடைசியில், கல் சுமப்பவர்களில் காத்தாயி என்பவள் விழுந்தாள். காலையில் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. வெறும் வயிற்றோடு கூடையைச் சுமந்து ஏறியவள் பாதிச் சரிவில் கண் இருட்டிக் கல்லோடு உருண்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

தணிகாசலம் வந்து பார்த்தார். "எண்ணெயைத் துப்பியிருப்பா," என்றார்.

செபஸ்தியம்மாள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. காத்தாயியைக் கட்டிலில் தூக்கி அனுப்பிவிட்டு, கஞ்சி அண்டாவைப் பெண்களோடு சேர்ந்து சுமந்துகொண்டு ஆபீஸ் வாசலில் இறக்கினாள். குவாரியை நடத்தும் ஏஜெண்டும் வெளியே வந்தார்.

"நாங்க குடிக்கிறோங்க. மொதல்ல இவரு ஒரு குவளை குடிக்கட்டும்."

"குடிச்சுக் காட்டுமேன்," என்றார் ஏஜெண்ட்.

தணிகாசலம் அண்டாவைப் பார்த்தார். கஞ்சி ஆடை கட்டிப்போயிருந்தது. "இன்னிக்கி எனக்கு ஏகாதசி," என்றார்.

"அப்ப நாளைக்கு வரோங்க," என்றாள் செபஸ்தியம்மாள்.

சொன்னபடி மறுநாள் அவர் குவார்ட்டர்ஸுக்கே அண்டா போனது. கதவு பூட்டியிருந்தது. தொழிலாளர் ஆரோக்கியத்தைக் காக்க வந்த தணிகாசலம் முதல் ரயிலில் திருச்சிக்குப் போய்விட்டார். வயிற்றுவலியாம்.

பெண்கள் வேலைக்கு இறங்கவில்லை. ஸ்டேஷனில் கல் ஏற்ற வந்த வேகன்கள் காலியாக நின்றன. காத்தாயியின் காலுக்கு இரங்காத ஏஜெண்ட் வேகன்களுக்கு இரங்கினார். பொழுது சாய்வதற்குள் கூழுக்கு இருந்த தடை நீங்கியது. பள்ளத்தில் கீற்றுப் பந்தல் போட்டுத் தண்ணீர்ப் பீப்பாயும் வைத்தார்கள். அதற்குப் பிறகு மயங்கி விழுகிறவர்கள் குறைந்தார்கள்.

வயிற்றுவலி தீர்ந்து திரும்பிய தணிகாசலம், மயக்கம் குறைந்ததற்குத் தன் கோதுமைக் கஞ்சியே காரணம் என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேலிடம் நம்பியது. நம்பாவிட்டால் அது மேலிடமே இல்லை. இன்னும் பெரிய குவாரி ஒன்றுக்கு, இன்னும் பெரிய உத்தியோகத்தில் அவரை அனுப்பினார்கள். காத்தாயியை மட்டும் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அதிகாரியின் பிரிவுபசாரத்துக்கு மாலை போடப் பெண்களைக் கூப்பிட்டார்கள். ஒருத்தியும் போகவில்லை. கிளார்க்கே வாங்கி, கிளார்க்கே போட்டார். அந்த நேரத்தில் செபஸ்தியம்மாள், காத்தாயியின் காலுக்கு நல்லெண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு போயிட்டானாக்கா?"

"போயிட்டான். இனிமே எந்த ஊரு பானைய ஒடைக்கப் போறானோ. நீ கால நல்லா நீட்டு."