நிறுத்திய நேரம்

எதற்கெடுத்தாலும் சர்வரை நிறுத்தி மறுபடி இயக்குவதுதான் அந்த ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவு மேலாளருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். ஊழியர் விவரமெல்லாம் அடங்கிய டைரக்டரி சர்வரில் புதிதாக ரத்த வகையையும் சேர்க்க வேண்டும் என்றதும், அதைப் பார்த்துக்கொள்கிறவளிடம் சர்வரை நிறுத்துவதற்கான படிவத்தை நீட்டினார்.

"அரை மணி நேரம் நிறுத்திடும்மா."

"நிறுத்தினா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்கூட லாகின் பண்ண முடியாது சார். அது ஓடும்போதே, என்னென்ன விவரம் இருக்கணும்னு சொல்ற ஸ்கீமா ஃபைலை மட்டும் ரீலோட் பண்ணலாம்."

"தப்பாயிட்டா?"

"தப்பான ஃபைலை சர்வர் ஏத்துக்காது. பழசையே வச்சு ஓட்டும்."

"பத்து வருஷமா நிறுத்தித்தான் செய்றோம். உன் இஷ்டத்துக்கு ஆடாதே."

அவளுக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. அவர் கண்ணெதிரிலேயே ரீலோடை ஓட்டினாள். பிழை என்று வந்தது. ரத்த வகையைச் சேர்த்த ஃபைலில் ஓர் அடைப்புக்குறியை விட்டிருந்தாள். மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா? எல்லாம் போச்சு!"

"என்ன சார் போச்சு? யாராவது போன் பண்ணாங்களா?"

மேசைத் தொலைபேசி வாயைத் திறக்கவில்லை. அடைப்புக்குறியைப் போட்டு மறுபடி ஓட்டினாள், ஏறியது. எல்லோருடைய ரத்த வகையையும் ஏற்றி, சட்டென்று தேட இன்டெக்ஸ் போடும் வேலையையும் கையோடு முடித்தாள். அப்போதும் போன் அடிக்கவில்லை.

மேலாளர் விடுவதாயில்லை. "அதெல்லாம் சரி, படிவத்தை யாரு நிரப்புறது?"

அவள் பேனாவை எடுத்தாள். 'நிறுத்திய நேரம்' என்ற கட்டத்தில், எழுத்து கட்டத்தை மீறி வழிய, 'நிறுத்தவே இல்லை' என்று எழுதினாள். படிவத்தை அவர் பக்கம் திருப்பிப் பேனாவையும் நீட்டினாள்.

"கீழே உங்க கையெழுத்து, சார்."