ஒரு மின்விசிறி, ஆறு அதிகாரங்கள்

அதிகாரம் 1

இந்தக் கதை ஒரு பேண்ட்டின் அடிமடிப்பில் பிறந்தது. அதை இரண்டு விரல் குட்டையாக்கக் கொடுத்துவிட்டுத் தையல் கடையில் காத்திருந்தேன். உள்ளறையில் சண்டை.

"அண்ணே, ஃபேனைப் போடுங்க. கண்ணு இருட்டிக்கிட்டு வருது."

"போட்டா என் பேப்பரெல்லாம் பறக்கும்மா. ஒரு கை முழுசு, ஒரு கை முக்கால்னு சட்டை தைச்சுக் கொடுத்தா, வாங்கினவன் என்னைத்தான் தேடி வருவான்."

முதல் குரல் இஸ்திரி போடும் அக்காவுடையது. போன வாரம் அனலில் மயங்கி விழுந்திருக்கிறார். சூடான பெட்டி அவர் காலுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. இன்னொரு முறை விழுந்தால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் மகன் கறாராகச் சொல்லிவிட்டான். அக்காவுக்கு வேலையை விட மனமில்லை. இரண்டாவது குரல், துணி வெட்டும் கட்டர் மாமாவுடையது. அளவுக்கு நறுக்கிய மெல்லிய காகிதங்களைத் துணிமேல் பரப்பி, ஓரம் பிடித்து சாக்பீஸால் கோடு போடுவது அவர் வேலை. காகிதம் நகர்ந்தால் சட்டை கோணல்.

அறை சின்னது, மின்விசிறி ஒன்று. அது யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

('இன்னொரு ஃபேன் வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. வாங்கலாம். இரண்டு மடங்கு காகிதம் பறக்கும்.)

குட்டையாக்கிய பேண்ட்டோடு சண்டையையும் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இனி வருவதில் கேட்டது பாதி, நான் கட்டியது பாதி.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை: நூலின் ஒரு பகுதிக்கும் தமிழில் அதிகாரம் என்றுதான் பெயர், பிறரை ஆட்டிவைக்கும் உரிமைக்கும் அதிகாரம் என்றுதான் பெயர். ஆகவே ஆளுக்கோர் அதிகாரம் கொடுத்துப் பார்க்கப்போகிறேன்.

அதிகாரம் 2

முன்னொரு காலத்தில் ஒரு பெரிய நாட்டை ஒரு—

(வேண்டாம். கடையை விட்டு வெளியே போனால் நான் திரும்பி வர மாட்டேன்.)

மின்விசிறியை முதலாளியம்மாவிடம் ஒப்படைத்தேன். அவர் தெருக்காற்று வரும் முன்னறையிலிருந்து எழுந்து வந்தார். இரண்டு பேரையும் பார்த்தார். வேகத்தை இரண்டில் வைத்தார்.

"ரெண்டுல வெச்சிருக்கேன். இனிமே சத்தம் வரக் கூடாது."

சத்தம் வரவில்லை. இரண்டில் காகிதம் பறக்காது, ஆனால் நடுங்கும். காற்று இஸ்திரி மேசையின் பாதி வழி வரை வந்து திரும்பிவிடும். ஆளுக்குப் பாதித் துன்பம் என்று சமமாகப் பங்கிட்டுவிட்டார். மன்னராட்சியின் பெரிய வசதி, முடிவு உடனே வரும். பெரிய குறை, முடிவெடுத்தவரும் உடனே போய்விடுவார்.

அதிகாரம் 3

சரி, மக்களாட்சி. உள்ளறையில் நான்கு பேர்: அக்கா, கட்டர் மாமா, ஜன்னலோரம் இரண்டு தையல்காரர்கள். காற்றடித்தால் வழவழப்பான துணி ஊசிக்கு அடியில் நழுவும் என்பது தையல்காரர்களின் கவலை. கை தூக்கச் சொன்னேன்.

"மூணுக்கு ஒண்ணு. நிறுத்து!" என்றார் மாமா.

"ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டு, எங்களுக்கு வேர்க்கலைன்னு ஓட்டுப் போடுறீங்களே. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

"எங்களை ஏன்க்கா இழுக்கறீங்க? கை தூக்கச் சொன்னாங்க, தூக்கினோம்" என்றார் ஒரு தையல்காரர்.

தூக்கிய கைகளை எண்ணினோம். எந்தக் கையில் வேர்வை என்று எண்ணவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம். அறைக்குள் இன்னும் மூன்று இஸ்திரிக்காரர்களை எழுதிச் சேர்த்தால் அக்கா ஜெயித்துவிடுவார். மூன்று வரி அடித்தால் மூன்று பேர். எழுத்தாளன் கள்ள ஓட்டுப் போடுவது எத்தனை சுலபம் பாருங்கள்! எழுதினேன். பிறகு அழித்தேன். அறை சின்னது என்று முன்பே சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அதிகாரம் 4

முறை வைத்து ஆள்வது. ஒரு மணி நேரம் அக்கா ராணி, அடுத்த மணி நேரம் மாமா ராஜா. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இதைவிட நேர்மையான ஏற்பாடு உலகத்தில் கிடையாது.

அக்காவின் முறையில் இஸ்திரி போடத் துணி வரவில்லை. மின்விசிறி காலி மேசைக்குக் காற்று வீசியது. மாமாவின் முறை வந்ததும் தைத்த துணி குவியலாக வந்தது. மின்விசிறி நின்றிருந்தது. அதை நிறுத்தியவரோ டீ குடிக்கப் போயிருந்தார்.

"ராஜா எங்கடா?" என்று அக்கா முகத்தைத் துடைத்தார்.

"நகர்வலம் போயிருக்காரு" என்றார் ஒரு தையல்காரர்.

கடிகாரம் எல்லோரையும் சமமாக நடத்தியது. வேலைக்குக் கடிகாரம் தெரியவில்லை.

அதிகாரம் 5

இந்த அதிகாரத்தை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கட்டர் மாமா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏன் சார், என்னைப் பார்த்தா கொடுங்கோலன் மாதிரியா இருக்கு?"

"அப்படியெல்லாம் இல்லைங்க..."

"நாலு அதிகாரமா என்னை வில்லனாக்கிட்டு இருக்கீங்க. பேப்பரை விரிச்சுக் கோடு போடுற வரைக்கும் காத்து வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்டது. கோடு போட்டதும் ஃபேனைப் போட்டுக்கட்டும், நானா வேண்டாங்கறேன்?"

"கோடு போட்டதும் நீங்களே போட்டுவிடலாமே?"

அவர் கொஞ்சம் நெளிந்தார்.

"மறந்துடும் சார்."

எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. மன்னரையும் ஓட்டையும் கடிகாரத்தையும் விசாரித்து நான் கண்டுபிடிக்காத கோளாறை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். நிறுத்தும் உரிமை அவருக்குத் தேவைதான். ஆனால் நிறுத்த ஒரு விரல் போதும்; திரும்பப் போட ஞாபகம் வேண்டும். வேர்க்காதவருக்கு ஞாபகம் எப்படி வரும்? யார் கையில் அதிகாரம் என்றே இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எப்படி முடிவுக்கு வரும் என்று கேட்கவே இல்லை.

தொண்டை வறண்டு, தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன்.

"என்னங்க, ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு என்ன தவமா? மூடுங்க!" என்றாள் மனைவி.

நான் உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவோரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, தடவிப் பாருங்கள். கதவு அதை அழுத்திக்கொண்டிருக்கும்வரை விளக்கு அணைந்திருக்கும். அழுத்தம் விலகினால் தானாக எரியும். யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

"கிடைச்சிருச்சு!"

"என்ன, தண்ணியா?"

அதிகாரம் 6

கதைக்குள் ஓர் எலக்ட்ரீஷியனை அனுப்பினேன். அவர் அதே மாதிரிப் பொத்தானை, வெட்டும் மேசைக்குக் கீழே, நீளமான ஒரு பலகைக்கு அடியில் பொருத்தினார். மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். மாமா பலகையை மிதித்தால் நிற்கும். மேசையின் எந்த மூலைக்கு நகர்ந்தாலும் காலுக்கடியில் பலகை உண்டு. கோடு போட்டு முடித்துக் காலை எடுத்தால், அக்காவுக்குக் காற்று. தையல்காரர்களும் வழவழப்பான துணியைக் குண்டூசி குத்திச் சமாளித்தார்கள். அன்று முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. 'சுபம்' என்று எழுதப்போனேன்.

மறுநாள் பலகைமேல் ஒரு கல் இருந்தது.

சத்தியமாக அதை நான் எழுதவில்லை. துணி நகராமலிருக்க மாமா மேசைமேல் வைக்கும் பாரக்கல் அது. கால் வலித்திருக்கிறது, கல்லை இறக்கி வைத்துவிட்டார். ஆள்பவர்களுக்கு அடிக்கல், கல்வெட்டு, சிலை என்று கல்மேல் ஏன் அத்தனை பிரியம் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. கல்லுக்குக் கால் வலிக்காது.

அக்கா இரண்டாவது சட்டையில் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டார். வெட்டும் மேசைக்குக் கீழே பார்த்தார்.

"அண்ணே! உங்க கால் இங்க நிக்குது, நீங்க டீக்கடையில நிக்கறீங்க!"

தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மாமா டம்ளரோடு ஓடி வந்தார்.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின. அக்கா மயங்கி விழ, எல்லோரும் திருந்தி— (மாட்டேன். யாரோ திருந்துவதற்காக அவர் ஏன் விழ வேண்டும்?) மாமா கண்ணீர் விட்டு— (அவர் விட மாட்டார், கேட்டுப் பார்த்தேன்.) முதலாளியம்மா வந்து கல்லை— (அவர் முன்னறையில் இருக்கிறார்.)

நான் யோசித்து முடிப்பதற்குள் அக்காவே குனிந்து கல்லைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டார். காற்று வந்தது. பிறகு மாமாவின் சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினார். மாமா படித்துப் பார்த்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்லை" என்று மட்டும் சொன்னார். அக்கா இன்றும் அந்த இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றுதான் இஸ்திரி போடுகிறார்.

இந்த ஆட்சிக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. பெயர் வைப்பது உங்கள் அதிகாரம். சுவரில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

ஃபேன் எப்பவும் ஓடும். நிறுத்தணும்னா பலகையை மிதிச்சுக்கிட்டு நிக்கணும். காலை எடுத்தா ஓடும். காலுக்கு அனுமதி, கல்லுக்கு இல்லை. கல்லைப் பார்த்தா யாரு வேணும்னாலும் எடுக்கலாம்.